கொடியில் காய்ந்த சாரம்

உருத்திரபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்பின் குண்டுமணிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு முறிகண்டிப் பிள்ளையார் துணை. சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஏசுவதென்றால் ஏசு, ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டு ஏசு.

கடைசி வீட்டு ஆச்சி போன செவ்வாய்க்கிழமை மோசம் போய்விட்டா. 91 வயது. பாயில் கிடக்கவில்லை. பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவ, பிறகு எழும்பவில்லை. நாங்கள் மாங்காய் களவெடுத்த மரத்துக்குக் கீழேதான் பந்தல் போட்டது. அந்த மரத்தில் இருந்து இறங்க மாட்டாமல் நீ குளறினதை ஆச்சி கடைசிவரை சொல்லிச் சிரித்தா.

நான் போனும் கையுமாக வீடு வீடாய்ப் போய்ப் பழைய ஆட்களின் கதைகளைப் பதிவு செய்வது உனக்குத் தெரியும்தானே. இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிக் காட்டுக்குள் வந்து குடியேறின ஆட்களில் மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர்தான். இதுவரை 14 பேரைக் கதைக்க வைத்துவிட்டேன். குளம் கட்டத் தொடங்கியது 1902, முடிந்தது 1920, யாழ்ப்பாணத்தில் காணி பூமி இல்லாமல் நெருக்குப்பட்ட சனத்துக்காகக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது 1936 என்பதெல்லாம் புத்தகத்தில் கிடக்கிறது. காடு வெட்டின அன்று இரவு பிள்ளைகளை எங்கே கிடத்தினார்கள், முதல் கிணற்றுத் தண்ணி உப்பா சவரா, பிரசவம் பார்த்தது ஆர் என்பது எதிலும் இல்லை. வீடுகளில் இருந்த துண்டு துணுக்குகளும் படங்களும் 1996இலும் 2008இலும் சண்டைக்குள் ஓடின ஓட்டத்தில் போய்விட்டன. இனி இருக்கிறது இந்த ஆட்களின் வாய் மட்டும்தான். ஒவ்வொரு செத்த வீட்டுக்கும் போய்விட்டு வரும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ஆம்பிளைகளைக் கேட்டால் எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், எந்த ஒபிசர் என்று ஒழுங்காகச் சொல்வார்கள். பெண்டுகள் "எனக்கென்ன பிள்ளை தெரியும், அவரைக் கேள்" என்று உள்ளே போய்விடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் வரலாறு கேட்பதில்லை. "வந்த அன்று என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பேன். உடனே வாய் திறந்துவிடும். ஆச்சியும் அப்படித்தான் தொடங்கினா. பச்சைப்பெருமாள் அரிசிக் கஞ்சி. அடுப்புக்குக் கல் கிடைக்காமல் புற்றுமண் கட்டி மூன்றை வைத்தார்களாம். உப்பை யானைக்குப் பயந்து மரத்தில் கட்டித் தூக்கினார்களாம். எந்த வருஷம் என்று கேட்டேன். "யாழ்தேவி ஓடத் தொடங்கேல்லை, அந்தப் பெரிய வெள்ளமும் வரேல்லை" என்றா. யாழ்தேவி 1956, வெள்ளம் 1957 மார்கழி. கணக்கைப் பார்த்துக்கொள். எங்கள் ஊரில் ஆருக்குமே வருஷம் இப்படித்தான் நினைவில் நிற்கிறது.

இனித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது. பங்குனியில் பதிந்ததை இவ்வளவு நாளாய் மனதுக்குள் வைத்துக்கொண்டு உனக்கு எழுதப் பயந்து திரிந்தேன்.

உன் அப்பா செத்தபோது அச்சடித்த நினைவுப் புத்தகத்தில், அந்தக் கல்வெட்டில், நீ எழுதியது எனக்குப் பாடம். தனியொருவராய்க் காடு வெட்டி, தனியொருவராய் வயல் செய்து, பத்தாம் வாய்க்காலில் முதல் நெல் கண்டவர் என்று. காடு வெட்டினது உண்மை என்று ஆச்சியும் சொன்னா. ஆனால் முதல் மழையோடு அவருக்குக் குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா, பிடித்து, அறிவு தெரியாமல் வண்டிலில் போட்டு யாழ்ப்பாணம் கொண்டுபோனார்களாம். சுகப்பட்டுத் திரும்பி வர இரண்டு போகம் போய்விட்டதாம்.

நமக்குக் குலைப்பன் விளங்காது. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், 1963இல், இலங்கை முழுக்க மலேரியா கண்டது 17 பேருக்கு மட்டும்தான். பிறகு 1968இல் அது திரும்பி வந்து, நீயும் நானும் ஒரே பாயில் கிடந்து நடுங்கினபோதுதான் பெரியவர்கள் ஏன் அந்தப் பெயரைச் சொல்லவே பயந்தார்கள் என்று தெரிந்தது.

அந்த இரண்டு போகமும் செய்தது உன் அம்மா. 19 வயது, மடியில் பெரியண்ணை. காணி பெர்மிட் அப்பாவின் பேரில். காணிக்காரன் காணியில் இருந்து செய்யாவிட்டால் பறித்துவிடலாம் என்பது அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம். காணிக் கந்தோரில் இருந்து ஆள் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அம்மா என்ன செய்தா தெரியுமா? ஒவ்வொரு நாளும் அப்பா இடுப்பில் உடுக்கிற சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டா. ஒபிசர் வந்தால் "அவர் தண்ணி கட்டப் போயிட்டார்" என்பா. வரிசையில் இருந்த எட்டு வீடும் இதற்கு உடந்தை. ஆச்சியின் மனுசன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தூரத்து வரம்பில் நின்று கை காட்டுவாராம். இரவில் அம்மா பரணில் ஏறி இருந்து, பன்றிக்கும் யானைக்கும் மண்ணெண்ணெய்த் தகரம் அடித்தா. குண்டுமணி, நம்மைச் சோற்றுக்குக் கூப்பிட அவ தட்டின தகரம் நினைவிருக்கிறதா? நீ வெட்கப்பட்டு ஓடி ஒளிப்பாயே. ஆச்சி சொன்னா, அது அதே தகரம்தானாம்.

வாய்க்காலடி அண்ணரிடமும் கேட்டேன். "ஒரு மாதம்தான் போயிருப்பார்" என்றார். அவருக்கு அப்போது ஆறு வயது. ஆச்சியோ அந்த வயலில் அம்மாவோடு நின்று நாற்றுப் பிடுங்கினவ. நான் ஆச்சியை நம்புகிறேன். இரண்டு பேர் சொன்னதையும் பதிந்து வைத்திருக்கிறேன், எதையும் வெட்டவில்லை.

அப்பாவைக் குறைக்க இதை எழுதவில்லை. செத்துப் பிழைத்த மனுசன் திரும்பவும் இந்தக் காட்டுக்கே வந்தாரே, அதுவும் லேசான காரியமா? ஆனால் அம்மா ஒரு நாளும் இதை வாய் திறந்து சொல்லவில்லையே என்பதை நினைக்க எனக்கு நித்திரை வருகுதில்லை. காணி பகிர்ந்து கொடுத்த காணிக் கச்சேரியில் கூப்பிட்டது ஆம்பிளைகளின் பேரை, பெர்மிட்டில் எழுதினது ஆம்பிளைகளின் பேரை. வாரிசு எழுதி வைக்காவிட்டால் மகளுக்கு முன் மகன் என்றுதான் அந்தச் சட்டத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் அதனால் வந்த மனக்கசப்பை நான் திரும்பக் கிளறவில்லை. அம்மாவின் பேர் எந்தக் கடுதாசியிலும் இல்லை. ஆச்சியின் குரலில் மட்டும் நாலு நிமிஷம் இருக்கிறது.

பதிவுகளை நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்துக்குக் கொடுக்க யோசிக்கிறேன். ஆச்சியிடம் அனுமதி கேட்டபோது, "போடு பிள்ளை, ஆனா அவளுக்கு முதல் சொல்லு, தேப்பனில பாசமான பெட்டை" என்றா. அந்தச் சொல்லை நான் மீறமாட்டேன். நீ ஓம் என்னும்வரை அது ஒருவர் கைக்கும் போகாது.

சின்னவன் வருகிற மாதம் ரொறொன்ரோ வருகிறான். பதிவும், முறிகண்டிக் கச்சானும், உனக்கு மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். முப்பத்தோராவது நிமிஷத்தில் இருந்து கேள். தனியக் கேட்காதே, பெரியண்ணையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேள். அவர் மடியில் கிடந்தவர்.

ஆனால் அதற்கு முன்னமே எனக்கு உன் பதில் வேண்டும். ஆச்சியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அந்த எட்டு வீட்டுக் கதையையும் சாரத்தையும் அதில் எழுத விரும்புகிறேன், உன் அம்மாவின் பேரோடு. அடுத்த கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். போன் எடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் நெட்டை