கூட நிற்கப்போவது யார்? அமெரிக்கத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

2028 அதிபர் தேர்தலில் யார் நிற்பார்கள் என்ற பேச்சு நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கட்சிகளில் ஏதாவது ஒன்றில் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் கிளம்புவார். கருத்துக்கணிப்பில் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. ஆனாலும் எடிசனிலிருந்து டல்லஸ் வரை விருந்து வைத்துப் பணம் திரட்டுவோம். திரட்டலாம், தப்பே இல்லை. ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவருக்கு ஓட்டுப் போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் வாக்கெடுப்பு, இருப்பதே அதற்குத்தான். எனக்கு உறுத்துவது, கூடவே நாம் சொல்லும் சமாதானம்: "ஜெயிக்கலைன்னா என்ன, துணை அதிபராவது ஆக்கிடுவாங்க."

அவர் யாருக்குத் துணையாவார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் யாரைத் துணையாக வைத்துக்கொள்வார் என்று கேளுங்கள். இந்த மடலில் எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

அந்தச் சமாதானம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. கமலா ஹாரிஸ் 2019 ஜூனில் மயாமி விவாத மேடையில் பைடனையே வறுத்தெடுத்தார். அந்த டிசம்பரில், ஒரு ஓட்டுகூட விழும் முன்பே போட்டியிலிருந்து விலகினார். அடுத்த ஆகஸ்டில் அதே பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் போஸ்டர் ஒட்டினார்கள், கோயிலில் அபிஷேகம் செய்தார்கள், நாமும் மகிழ்ந்தோம். 2024 ஜூலையில் பைடன் ஒதுங்கியதும், ஒரு மாநில பிரைமரியிலும் ஜெயித்திராத அவரே கட்சியின் வேட்பாளரானார். இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் "நின்னா போதும், ஏதாவது கிடைக்கும்" என்பது. நான் பார்ப்பது வேறு: 2020 ஆகஸ்டில் ஒரே ஒருவர் எடுத்த முடிவு, நான்கு வருடம் கழித்து ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே தீர்மானித்துவிட்டது.

குடியரசுக் கட்சியில் விவேக் ராமசாமி நின்றபோதும் இப்படித்தான் பேசினோம். பாலக்காட்டுக் குடும்பம், சின்சினாட்டியில் பிறந்தவர், தமிழ் பேசுவார். அவர் தமிழ் பேசிய காணொளி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்ததோ, அவருடைய திட்டங்கள் அதில் பாதிப் பேருக்காவது போயிருக்குமா என்பது சந்தேகம். மத்திய அரசு ஊழியர்களில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்புவேன் என்றார், எஃப்பிஐயை மூடுவேன் என்றார். அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்தலில் நின்று ஜெயித்திராத 37 வயதுக்காரர் அதிபராகக் கிளம்பினால், பக்கத்தில் யார் இருப்பார் என்பதுதானே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்? நாம் கேட்கவில்லை. டிரம்ப் இவரைத் துணையாக எடுப்பாரா என்றுதான் கணக்குப் போட்டோம். 2024 ஜனவரியில், முதல் வாக்கெடுப்பு நடந்த அயோவா மாநிலத்தில் சுமார் 8 சதவீதத்தோடு நான்காவதாக வந்து அன்றிரவே விலகினார். ஜூலையில் டிரம்ப் எடுத்தது ஜே.டி. வான்ஸை.

கணக்கிலேயே இல்லாதவர் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972 ஒன்று போதும். ஜார்ஜ் மெக்கவர்ன் பெரிதாக யாரும் மதிக்காத இடத்திலிருந்து வந்து ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானவர். பிரைமரிகளுக்கு முக்கியத்துவம் கொடுத்து விதிகளைத் திருத்திய குழுவுக்கே அவர்தான் தலைவராக இருந்தார். அதனால் மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளைப் பிடிக்கும் வித்தை அவருக்கு அத்துப்படி. துணை அதிபர் விஷயத்தை மட்டும் மயாமி பீச் மாநாட்டின் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டார். டெட் கென்னடி மறுத்தார், இன்னும் சிலரும் மறுத்தார்கள். நேரம் நெருங்க, மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குப் போன் போனது. மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று மெக்கவர்னின் உதவியாளர் கேட்டார், இல்லை என்றார் ஈகிள்டன். சரி, முடிந்தது. அன்றிரவு பிரதிநிதிகள் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்ல, டிவி தொடரில் வரும் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரத்துக்குக்கூட ஓட்டு விழுந்தது. மெக்கவர்ன் ஏற்புரைக்கு எழுந்தபோது விடியற்காலை மூன்று மணி நெருங்கிவிட்டது, நாடே தூங்கிக்கொண்டிருந்தது. மன அழுத்தத்துக்காக ஈகிள்டன் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் இரண்டு வாரத்துக்குள் வெளியே வந்தன. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன் என்று சொன்ன மெக்கவர்ன், ஒரு வாரத்துக்குள் அவரை விலகவைத்தார். நவம்பர் தேர்தலில் ஐம்பதில் 49 மாநிலங்கள் அதிபர் நிக்சனிடம் போயின. ஈகிள்டன் விவகாரம் இல்லாவிட்டாலும் நிக்சனிடம் தோற்றிருப்பார்தான். ஆனால் இவர் எப்படி முடிவெடுப்பார் என்பதை அந்த மூன்று வாரத்தில் ஊரே பார்த்துவிட்டது.

நான்கு வருடம் கழித்து வந்த ஜிம்மி கார்ட்டரை "ஜிம்மியா, யார் அது?" என்றே கேட்டார்கள். 1976 அயோவாவில்கூட முதலிடம் 'யாருக்கும் இல்லை' என்றவர்களுக்குத்தான். மீதி இருந்த வேட்பாளர்களில் கார்ட்டர் முன்னால் வந்தார், அவ்வளவே. ஆனால் மாநாட்டுக்கு முன்பே மஸ்கி, ஜான் கிளென், வால்டர் மாண்டேல் என்று ஒவ்வொருவராக ஜார்ஜியாவில் பிளெய்ன்ஸ் என்ற தன் சிற்றூருக்கு வரவழைத்து உட்காரவைத்துப் பேசினார். தனக்கு வாஷிங்டன் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்த மாண்டேலை எடுத்தார், வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அலுவலகம் கொடுத்தார். அதற்கு முன் எந்தத் துணை அதிபருக்கும் அது கிடைத்ததில்லை. கார்ட்டர் ஆட்சியைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒன்றில் இல்லை.

முன்கூட்டியே பெயர் சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1976இல் குடியரசுக் கட்சியில் அதிபர் ஃபோர்டை எதிர்த்து நின்ற ரீகன், மாநாட்டுக்கு முன்பே செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கரை அறிவித்தார். ஃபோர்டும் அதேபோல் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்து, அதில் தோற்று, வேட்பாளர் தேர்விலும் 1,187க்கு 1,070 என்று தோற்றார். 2016இல் டெட் குரூஸ், கார்லி ஃபியோரினாவை அறிவித்த ஆறாம் நாள் போட்டியையே விட்டுவிட்டார். இரண்டுமே கடைசி நேர வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கேள்வி முதலிலேயே வர வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பதவிக்காலத்தின் நடுவே துணை அதிபர் இடம் காலியானால், புதியவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும். 1973இல் ஃபோர்டு அப்படித்தான் வந்தார். தேர்தலுக்குமுன் வேட்பாளராக எடுக்கும்போது அப்படி எந்தச் சோதனையும் இல்லை. மாநாட்டில் கைதட்டல்தான். இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் பாதியில் அதிபராகியிருக்கிறார்கள்.

நம் ஆசைப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று அரசியலமைப்பின் 12ஆம் திருத்தம் சொல்கிறது. அதிபராகப் பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும். ஜனநாயகக் கட்சி அரசியல்வாதிகளில், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலோ, டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியோ அந்தப் பட்டியலில் வர வழியில்லை. பிலடெல்பியாவில் பிறந்த ரோ கன்னா வரலாம். குழுவில் அனுப்பும் முன் பிறந்த ஊரைப் பார்த்துவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

விருந்துக்கு வரும் வேட்பாளரிடம் மூன்று பெயர் கேளுங்கள். "அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது" என்பார். பெயர் வேண்டாம், உங்களுக்கு எது தெரியாது, அதற்கு எப்படிப்பட்ட ஆளைத் தேடுவீர்கள் என்று கேளுங்கள். அதற்கும் சிரித்து மழுப்பினால் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், காசோலை வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களே, உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் நன்கொடை கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஹெச்1பி நண்பர்கள் மட்டும் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், அது குற்றம்.

அப்புறம், நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் கட்சிப் பெயரில் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் பிரைமரியில் ஓட்டே கிடையாது. பதிவு செய்தாயிற்றா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்