மாத்திரை ஓரிடம், தடுப்பூசி ஓரிடமா?

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களில், பிரசவம் வரை ஒழுங்காக மாத்திரை வாங்கிவிட்டு அப்புறம் நின்றுவிடுபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தையின் தடுப்பூசி உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். தாயின் மாத்திரையோ பல ஊர்களுக்குத் தொலைவிலுள்ள ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில். ஒருநாள் கூலியை விட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏற, வீட்டில் என்ன காரணம் சொல்வது?

6-வது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசியும் உண்டு, எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் முடித்து, தாய்க்கு மூன்று மாத மாத்திரையையும் கொடுத்தனுப்பலாமே. 18-வது மாதப் பரிசோதனை வரை இப்படியே தொடரலாம்.

நோயாளியின் ரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. வரிசையில் எல்லார் காதிலும் விழ விசாரிக்கும் ஊழியர்களுக்கு அதை யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

ஒரு வாசகி,
திண்டுக்கல்