மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஊர் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் கட்டும் கணினி ஆட்டமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் முதல் பாகத்தையோ இரண்டாம் பாகத்தையோ ஆடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் சமவெளி மேப்களில் நன்றாகக் கை பழகியவர்கள். கட்டம் கட்டமாகச் சாலை போட்டு, ரவுண்டானா வைத்து, லட்சம் பேரைத் தாண்டிய ஊர்களைக் கட்டியிருக்கிறீர்கள். அது அலுத்த பிறகு முதல் ஆட்டத்தில் கிளிஃப்சைடு பே, இரண்டாம் ஆட்டத்தில் விண்டி ஃபியோர்ட்ஸ் என்று கடலும் மலையும் ஒட்டி நிற்கும் மேப் ஒன்றைத் திறக்கிறீர்கள். அதன் அழகுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆனால் அரை மணி நேரம் போவதற்குள் நிலத்தை மட்டமாக்கும் கருவியை எடுத்து, அந்த மலையையே அடிவாரத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். மூன்று முகடுகளைக் கரைத்து ஒரே மட்டத்தில் ஊரைப் பரப்பினேன். ஊர் நன்றாகவே ஓடியது, கஜானாவும் நிறைந்தது. சில வாரம் கழித்து, சேமித்து வைத்த அந்த ஆட்டத்தைத் திறந்தபோது, அதற்கு முன் சமவெளியில் கட்டிய ஊருக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மனசு விட்டுப்போய் அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்த மாதிரி மேப்களை மட்டுமே ஆடுகிறேன். மலையை அதன் இடத்தில் விட்டுவிட்டு ஆடுகிறேன்.

குறிஞ்சியும் நெய்தலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் நிலம் இது. நடுவில் முல்லைக்கும் மருதத்துக்கும் இடமே இல்லை. நாம் பழகிய ஊர் அமைப்பெல்லாம் மருத நிலத்து அமைப்பு. அதை அப்படியே கொண்டுவந்து இங்கே விரித்தால் இடம் போதாமல்தான் மலையில் கை வைக்கிறோம்.

இப்படிப்பட்ட நிலத்தில் நிஜ ஊர்கள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஜப்பானின் கோபே நகரத்தை. வடக்கே 931 மீட்டர் உயர ரொக்கோ மலை, தெற்கே ஒசாகா குடா, நடுவில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு பட்டை. அந்த ஊரில் வழி சொல்லும்போது வடக்கு, தெற்கு என்பதற்குப் பதிலாக மலைப்பக்கம், கடற்பக்கம் என்றே சொல்வார்கள். அந்தக் குறுகிய பட்டையில் ஜேஆர், ஹான்க்யூ, ஹான்ஷின் என்று மூன்று ரயில் பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பிறகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தபோது அந்தப் பட்டையில் இன்னொரு பாதையை நுழைக்கவில்லை. மலைக்குள் 16 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். 1972இல் திறந்த அந்தப் பாதையில் வரும் ரயில், ஷின்-கோபே நிலையத்தில் மட்டும் வெளியே தலைகாட்டிவிட்டு மறுபடி மலைக்குள் போய்விடும்.

அதைப் படித்த அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மேப்களில் சமநிலம்தான் தங்கம். அதை ஏறத் தெரியாதவற்றுக்குக் கொடுக்க வேண்டும். துறைமுகத்தால் ஏற முடியாது. சரக்கு யார்டும் பெரிய தொழிற்பேட்டையும் அப்படித்தான். ரயிலுக்கும் ஏற்றம் ஆகாது. நீலகிரி மலை ரயில் சுமார் 8 விழுக்காடு ஏற்றத்தைக் கடக்கப் பல்சக்கரப் பாதை தேவைப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்திலும் தண்டவாளத்தைச் செங்குத்தாக இழுத்தால் சரிவு அதிகம் என்று சிவப்பாகிவிடும். ஆனால் வீடு ஏறும், பள்ளிக்கூடம் ஏறும், சின்னக் கடைகளும் ஏறும். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கிடைக்கும் கடலோரச் சமநிலம் முழுவதும் குடியிருப்புக்கான பச்சை மண்டலத்தைத் தீட்டி வீடுகளை நிரப்பிவிட்டு, துறைமுகம் திறக்கும் கட்டம் வரும்போது இடமில்லாமல் தவிக்கிறோம். அங்கேதான் மலையைக் கரைக்கும் ஆசை வருகிறது.

ஹைவேயையும் கோபே மாதிரி யோசியுங்கள். ஊரை விட்டு ஊர் போகும் லாரிகளுக்குக் கடற்காட்சி தேவையில்லை. அவற்றை மலைக்குள் சுரங்கத்தில் அனுப்பிவிட்டு, ஊருக்கு இறங்க இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வெளியே விடுங்கள். செலவு அதிகம்தான், தொடக்கத்தில் கட்டுப்படியாகாது. அதனால் சுரங்க வாய் வரப்போகும் இடத்தை மட்டும் காலியாக வைத்திருங்கள், காசு சேர்ந்த பிறகு குடையலாம். பட்டை நகரத்தில் ஒரே ஒரு முதன்மைச் சாலையை நம்பினால், பத்தாயிரம் பேர் வந்ததுமே ட்ராஃபிக் கடற்கரை நீளத்துக்கு உறைந்து நிற்கும்.

கோபேயும்தானே மலையை வெட்டியது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1966இல் தொடங்கி 1981க்குள், சுமா பக்கத்து மலைகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடலுக்கு இறக்கி, படகில் ஏற்றிக் கொட்டி, நானூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட போர்ட் ஐலண்டை உருவாக்கினார்கள். வெட்டிய இடத்திலும் புதிய குடியிருப்பு எழுந்தது. மலை கடலுக்குப் போகிறது என்று அதைச் சொன்னார்கள். முதல் ஆட்டத்தில் மண் கணக்கு ஒன்று உண்டு, கவனித்திருப்பீர்கள். தோண்டினால் மண் சேரும், மேடாக்கினால் குறையும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அந்தக் கணக்கைக் கோபேக்காரர்கள் மாதிரி எழுதுங்கள். எந்தத் துறைமுகத்துக்கு, எவ்வளவு மண், எந்தக் குன்றிலிருந்து என்று முடிவு செய்துவிட்டு அதை மட்டும் எடுங்கள். இடம் வேண்டும் என்பதற்காகக் கண்ணில் பட்ட முகட்டையெல்லாம் சீவுவது வேறு விஷயம். அப்படிக் கணக்குப் பார்த்துக் கட்டிய தீவிலேயே 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் நிரப்பிய மண் குழம்பாகிப் பொங்கியது, துறைமுகத்தின் கரைச்சுவர்கள் கடல் பக்கம் நகர்ந்துபோயின.

நம் ஆட்டத்தில் நிலச்சரிவு கிடையாது. இயற்கைச் சீற்றங்களுக்கான விரிவாக்கத்தில் சுனாமி கூட வருகிறது, மலை மட்டும் சரிவதில்லை. எண்பது மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி அதன் அடியில் அடுக்குமாடி வைத்தாலும் எந்தத் தண்டனையும் இல்லை. அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று, தொடர்மழையில் ஒரே நாளில் சவ் மவ் பிங்கிலும் போ ஷான் சாலையிலும் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1976இல் சவ் மவ் பிங்கில் மறுபடியும் சரிந்தது. அதற்குப் பிறகுதான், 1977இல், சரிவுகளைக் கவனிக்கவென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டியும் கொட்டியும் உண்டாக்கிய சுமார் அறுபதாயிரம் சரிவுகளுக்கு ஒவ்வொன்றாக எண் கொடுத்துக் கண்காணிக்கிறார்கள். அதே ஊரில்தான் மொத்த நிலத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு பூங்காக் காடாகக் காக்கப்படுகிறது. உலகத்திலேயே நெருக்கமான ஊர்களில் ஒன்று இவ்வளவு மலையைத் தொடாமல் விட்டிருக்கும்போது, பல நூறு கிலோபைட் மரங்களை விட்டுவைக்க நமக்கு என்ன கஷ்டம்?

சரி, மலைமேல் எப்படி ஏறுவது? சம உயரக் கோடுகளைக் காட்டும் பொத்தானை முதலில் அழுத்துங்கள். இதைப் பயன்படுத்தாமலே நூறு மணி நேரம் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டோடு கோடாகச் சாலையை வளைத்துக்கொண்டு போங்கள், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கொண்டை ஊசி வளைவில் ஏறுங்கள். கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ பஸ்ஸில் போனவர்களுக்கு இது கையிலேயே இருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் முழு ஆழத்துக்கு மண்டலம் தீட்டாதீர்கள். நான்கு கட்டம் ஆழமுள்ள மனை என்றால் 32 மீட்டர். கட்டடம் தன் மனையை மட்டமாக்கிக்கொண்டுதான் உட்காரும், அதனால் முதுகுப் பக்கம் அசிங்கமான மண்சுவர் எழும்பிவிடும். இரண்டு கட்ட ஆழத்தோடு நிறுத்தினால் வீடுகள் படிக்கட்டு மாதிரி அழகாக ஏறும். நடுவில் விட்ட இடத்தில் மரம் நடுங்கள்.

படிகளுக்கு இடையே நடைபாதை போட மறக்காதீர்கள். இதுதான் என் அனுபவத்தில் மிகப் பெரிய லாபம். கார் எட்டு வளைவு சுற்றி வரும் தூரத்தை நடப்பவர் நேர்க்கோட்டில் இறங்கிவிடுவார். கீழே அந்தப் பாதை முடியும் இடத்தில் ஒரு பஸ் நிறுத்தமோ டிராம் நிறுத்தமோ வையுங்கள், சாலையில் கார் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். ஹாங்காங்கின் மிட்-லெவல்ஸ் நகரும் படிக்கட்டு 1993இலிருந்து இதைத்தான் செய்கிறது. 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கீழ்நோக்கி ஓடும், பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி. முதல் ஆட்டத்தில் மாஸ் ட்ரான்சிட் விரிவாக்கம் வைத்திருப்பவர்களுக்கு ரோப் காரும் படகுச் சேவையும் இருக்கின்றன. குடாவைச் சுற்றிப் பாலம் கட்டுவதற்கு முன் ஒரு படகு வழித்தடம் விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஆற்றில் கழிவுக் குழாய் கீழே, குடிநீர் பம்ப் மேலே என்பது எல்லாருக்கும் தெரியும். குடாவில் மேலும் இல்லை, கீழும் இல்லை. உள்ளே ஓட்டம் குறைவு, விட்ட கழிவு அங்கேயே சுற்றும். குழாயைக் குடாவின் வாய்க்கு வெளியே, திறந்த கடலில் வையுங்கள்.

இப்போது நான் கட்டும் ஊரில் நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குன்று, அதைச் சீவியிருந்தால் இன்னும் ஐயாயிரம் பேருக்கு இடம் கிடைத்திருக்கும். அதன் உச்சியில் ஒரு பூங்காவும் அங்கே போக ஒரு நடைபாதையும் மட்டும் வைத்திருக்கிறேன். கேமராவை இறக்கிப் பார்த்தால் எப்போதும் யாராவது நாலு பேர் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேப்பிலும் அப்படி ஒரு குன்று இருக்கும். ஏற்கெனவே கரைத்துவிட்டீர்கள் என்றால், அதற்கு முன் சேமித்து வைத்த பழைய ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ஊர் கட்டும் ஒருவன்