புயல் எச்சரிக்கை கடற்கரைக்கு மட்டும்தானா?

ஐயா,

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்ததில் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போயின. கடலே இல்லாத மாவட்டத்தில் இந்த நிலை!

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' செயலி கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'கனமழை' என்று பொதுவாகச் சொன்னால் வண்டியை எங்கே மாற்றி நிறுத்துவது? எந்த ஏரி நிரம்பப்போகிறது, தண்ணீர் எந்தத் தெருவில் புகும் என்பதல்லவா தெரிய வேண்டும்! மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து சேரும்வரை அதுதான் கைகொடுக்கும். ஏரிகளின் நீர்மட்டத்தையும் இந்த எச்சரிக்கையோடு இணைக்க ஆணையம் முன்வர வேண்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள்.

- வாசகர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்