கணினி பேசத் தொடங்குவதற்கு முன்: பெங்களூரில் இருக்கும் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்திலிருந்து மாமா எழுதுகிறேன். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸுக்கும் முன்னால் இயங்கும் கணினியின் தொடக்க அமைப்புகளை, அதாவது நீங்கள் பயாஸ் என்றும் யுஇஎஃப்ஐ என்றும் சொல்லும் பகுதியை, எழுதும் குழுவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்ன நாள் முதல் இந்தக் கடிதம் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உன்னோடு வேலை செய்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

மீன் கம்பெனியில் நான் கணக்கு எழுதுவது உனக்குத் தெரியும். நண்டும் கணவாயும் எடை போட்ட சீட்டுகளை ஒருவர் வாசிக்க, நான் எக்செலில் ஏற்றுவேன். எனக்குப் பார்வை இல்லாததால் என் கணினிக்கு மானிட்டர் கிடையாது. பெட்டி, விசைப்பலகை, ஒரு ஜோடி ஸ்பீக்கர், அவ்வளவுதான். விண்டோஸ் எழுந்தவுடன், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ பேசத் தொடங்கும். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கி, இன்றுவரை இலவசமாகவே கிடைக்கும் அந்தத் திரைவாசிப்பான் பேச ஆரம்பித்த பிறகு கணக்கு வேலையில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. பொத்தானை அழுத்தியதிலிருந்து அது பேசும் வரையுள்ள அரை நிமிடத்தைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் கணினியைப் போட்டேன். விசிறி சுழலும் ஒலி கேட்டது, ஒரு பீப் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என்டர் அழுத்தினேன், எஸ்கேப் அழுத்தினேன், அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே விசிறி, அதே பீப். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். பதினொரு மாதக் கணக்கு அதில் இருந்தது. எடைச் சீட்டுகள் மேசையில் சேர்ந்துகொண்டிருக்க, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு மானிட்டரை இரவல் வாங்கி வந்து மாட்டினோம். கடைப்பையன் வாசித்தான்: பேட்டரி தீர்ந்துவிட்டது, தேதியும் நேரமும் தவறாக இருக்கின்றன, தொடர எஃப் 1 அழுத்தவும். அழுத்தினேன். என்விடிஏ பேசியது. ஒரே ஒரு விசைக்காக அன்று காலை முழுவதும் போயிருந்தது.

அந்தப் பேட்டரியை மாற்றியது நான்தான். மதர்போர்டில் காசு போல் உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032, மூன்று வோல்ட். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய நிலம். வாடையடித்தாலும் கச்சான் அடித்தாலும் நம் ஊரில் காற்று உப்போடுதான் வருகிறது. பேட்டரியைப் பிடித்திருந்த தகட்டில் துரு சொரசொரவென்று பூத்திருந்தது விரலில் தட்டுப்பட்டது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, எழுத்துப் பொறித்த பக்கத்தை நகத்தால் வருடிப் பார்த்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி புதியதை அழுத்தினேன். இவ்வளவையும் கையாலேயே செய்ய முடிந்த எனக்கு, அதன் பிறகு செய்ய வேண்டியிருந்த ஓர் அமைப்பு மாற்றத்தை மட்டும் தனியாகச் செய்ய முடியவில்லை.

பேட்டரி தீர்ந்ததில் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருந்தன. மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழ வேண்டும் என்று வைத்திருந்ததும் அதில் போய்விட்டது. நான் வருவதற்கு முன்பே கணினி எழுந்து முந்தைய நாள் கணக்கின் நகலை முதலாளிக்கு அனுப்ப வேண்டும் என்பதால் எனக்கு அது அவசியம். கடைப்பையனை வாசிக்கச் சொல்லி, வழியை பிரெயிலில் குறித்துக்கொண்டேன்: எஃப் 2 தட்டிக்கொண்டே இரு, வலது அம்பு இரண்டு, கீழ் அம்பு நான்கு, என்டர், கீழ் அம்பு ஒன்று, என்டர், எஃப் 10, என்டர். மந்திரம் போல இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். பயாஸை ஒரு முறை புதுப்பித்துப் பட்டியலில் ஒரு வரி கூடினாலும் இந்த மந்திரம் பலிக்காது. எண்ணிக்கை பிசகி, பாதுகாப்புச் சிப்பிலோ, நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டிலோ கை வைத்துவிட்டால், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினி அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அந்தத் திரையிலும் என்விடிஏ இருக்காது.

கைபேசி இருக்கிறதே என்று நீ கேட்பாய். மானிட்டர் ஒன்றை மாட்டி, கைபேசியின் கேமராவை அதற்கு நேராகப் பிடித்தால் திரையில் உள்ள எழுத்தையெல்லாம் அது வாசிக்கும். ஆனால் எந்த வரியின் மேல் நான் நிற்கிறேன் என்பதைச் சொல்லாது. நீங்கள் அதை நிறத்தால் மட்டும் காட்டுகிறீர்கள், எழுத்தை வாசிக்கும் செயலிக்கு நிறம் பொருட்டில்லை. தேர்ந்த வரியின் முன்னால் ஓர் அம்புக்குறியோ நட்சத்திரமோ போட்டிருந்தால் அதையும் சேர்த்து வாசித்திருக்கும். பீ மை ஐஸ் செயலியில் தன்னார்வலர் ஒருவரை வீடியோவில் அழைக்கலாம், நானும் அழைத்திருக்கிறேன், பொறுமையாக உதவினார்கள். என் சொந்தக் கணினியின் கடவுச்சொல் அமைப்பை மாற்றுவதற்கு முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணை நம்பியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இது முடியாத காரியம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான டெபியன் லினக்ஸை நிறுவும்போது தொடக்கப் பட்டியல் வந்தவுடன் பீப் ஒலிக்கும். எஸ் எழுத்தையும் என்டரையும் அழுத்தினால் நிறுவல் முழுவதும் பேச்சோடு நடக்கும். ஆப்பிளின் மேக்கில் மீட்புத் திரையிலேயே அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை இயக்கலாம். இவை இயங்குதளம் எழுந்த பிறகு பேசுபவை, பயாஸோ அதற்கும் முன்னால் வருவது, ஒலிச் சிப்பை எழுப்பும் டிரைவர் மென்பொருளுக்கும் குரலுக்கும் அங்கே இடம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் குரல் வேண்டும் என்று முதலில் கேட்கவில்லை.

முதலில் கேட்பது, எல்லா அமைப்புகளையும் விண்டோஸுக்குள்ளிருந்தே மாற்றும் வழி. ஹெச்பியின் வணிகக் கணினிகளுக்கு ஒரு சிறு கருவி இருக்கிறது. அது பயாஸ் அமைப்புகள் முழுவதையும் ஓர் எழுத்துக் கோப்பாக எழுதித் தருகிறது. நோட்பேடில் திறந்தால் ஒவ்வோர் அமைப்பின் கீழும் அதற்குரிய தெரிவுகள் வரிசையாக நிற்கும். நடப்பில் உள்ள தெரிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தை அழித்து வேண்டிய வரிக்கு நகர்த்தி, கோப்பைத் திரும்ப ஏற்றினால் வேலை முடிந்தது. நண்பர் ஒருவரின் கணினியில் முதன்முறையாக அந்தக் கோப்பை என்விடிஏ வரி வரியாக வாசிக்கக் கேட்டபோது, இத்தனை வருடங்களாக எந்தெந்த அமைப்புகள் உள்ளே இருந்தன என்பதையே அன்றுதான் அறிந்தேன். டெல்லின் வணிகக் கணினிகளுக்கும் லெனோவோவின் வணிகக் கணினிகளுக்கும் இப்படி வழிகள் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு வாங்கும் விலை குறைந்த கணினிகளுக்கும் இது வர வேண்டும்.

அடுத்தது, எஃப் 1க்காகக் காத்து நிற்பது. தேதி தவறாக இருந்தால் இருக்கட்டும், சில நொடி பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போய்விடு என்று எழுதுங்கள். அங்கே போனால் நானே திருத்திக்கொள்வேன். அமைப்புத் திரை திறந்ததற்கு ஒரு பீப்பும், பட்டியலின் கடைசி வரியைத் தொட்டதற்கு வேறொரு பீப்பும் போதும், என் எண்ணிக்கை பிசகாது. கடைசி வரியிலிருந்து கீழ் அம்பு அழுத்தினால் சத்தமில்லாமல் முதல் வரிக்குத் தாவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருட்கள் எல்லோருக்கும் பொதுவான வடிவமைப்பில் கிடைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தில் யாராவது காரணம் கேட்டால் அதையும் எடுத்துச் சொல்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எனக்கும் கணக்கு வேலை குறைவாக இருக்கும். அந்த நாட்களில் விடுப்பு கிடைத்தால் வா. வெளியே எடுத்து வர அனுமதி உள்ள சோதனைக் கணினி ஏதாவது இருந்தால் கொண்டு வா, மானிட்டர் வேண்டாம். நான் விசைகளை அழுத்தி, எந்த இடத்தில் என்ன கேட்கிறது, எந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், நீ குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் மாமா
மண்டபம்