இலவம்பாடியில் இருக்கும் சித்தப்பாவுக்கு: விதை கெடவில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். விதை கெட்டுவிட்டது, மண்ணும் பழுதாகிவிட்டது என்று நீங்கள் தொலைபேசியில் வருந்தியது மனதை அறுத்துக்கொண்டே இருந்ததால், ஞாயிறன்று கொல்லைக்கு வந்து கத்தரியை ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். ஒன்றில் காம்பு முழுக்க முள், நம் ஊருக்கே உரிய பளபளக்கும் ஊதா; அடுத்ததில் முள்ளே இல்லை, காய் வெளிர்பச்சை; அதற்கடுத்தது இரண்டுங்கெட்டான். இது கேடு அல்ல, சித்தப்பா. பூவுக்குள் நடக்கும் குன்றல் பகுப்பின் வேலை; செல் தன் குரோமோசோம்களைப் பாதியாக்கிப் பிரிவதுதான் அது.

கத்தரியின் செல்லில் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 24, அதாவது தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக 12 ஜோடிகள் உள்ளன. மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிக்கு ஒன்றுதான் செல்லும். எது செல்லும் என்பதை ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியே முடிவு செய்வதால், ஒரே செடியில் 4,096 விதமான மகரந்தம் உருவாகலாம். சூலிலும் அவ்வாறே என்பதால், இரண்டும் சேர்ந்தால் 1,67,77,216 சேர்க்கைகள். போதாததற்கு, பிரிவதற்கு முன் ஜோடிகள் ஒட்டிப் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. குறுக்கேற்றம் எனப்படும் இதனால், பாட்டியின் பாதியும் தாத்தாவின் பாதியும் ஒரே குரோமோசோமில் வந்து அமர்ந்துவிடும்.

அப்படியானால் தாத்தா காலத்தில் மட்டும் ஏன் மாறவில்லை என்பீர்கள். தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே காய்த்த செடியில் ஜோடியின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றேபோல் ஆகிவிடும். ஒரே முகமுள்ள சீட்டுகளை எவ்வளவு கலைத்தாலும் என்ன மாறும்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரி அப்படித்தான் நிலைத்தது. பக்கத்துக் கொல்லையின் முள்ளில்லா ரகத்து மகரந்தத்தை வண்டு கொண்டுவந்திருக்க வேண்டும். அதில் பிறந்த முதல் செடி கொழுத்து வளரக்கூடியது. வரப்போரம் செழித்து நின்றது என்று அதன் காயைத்தானே விதைக்கு விட்டீர்கள்? உங்கள் கண் தவறவில்லை, ஆனால் கலப்பின் வீரியம் அந்தச் செடியோடு சரி. அதன் ஜோடிகள் வெவ்வேறானவை என்பதால் பிள்ளைகள் சிதறிவிட்டன.

மீட்க வழி உண்டு. முள்ளும் ஊதாவும் சரியாக உள்ள செடியில், மொட்டு விரியுமுன் காகிதப் பை மாட்டி நூலால் கட்டினால் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். இப்படிச் செய்யும் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபட்ட ஜோடிகள் சராசரியாகப் பாதியாகக் குறையும், பொறுமைதான் வேண்டும். பம்புசெட்டை ஒட்டி நிற்கும் அந்த முள் செடியை யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு பைகளோடு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்,
வேலூரிலிருந்து