உன் கேமராவில் மணி சரியாக இருக்கிறதா?

காரைக்குடி
17.2.2026

அன்புள்ள முகிலனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய லிங்க்கிலிருந்து போட்டோக்கள் முழுவதையும் இறக்கிவிட்டேன். அப்பத்தாவின் 80க்கு ஆல்பம் போடுகிறேன், உன் படங்களும் வேண்டும் என்று கேட்டதும் சாக்குச் சொல்லாமல் மொத்தத்தையும் அனுப்பிவிட்டாய். சந்தோஷம் தம்பி. வாட்ஸ்ஆப்பில் நீ போடுவதெல்லாம் சுருங்கி வரும், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும், பிரிண்டுக்கு ஆகாது. இந்தத் தடவைதான் மூலப் படம் கைக்கு வந்திருக்கிறது.

எல்லாம் ஹெச்இஐசி. 2017ல் ஆப்பிள்காரன் இந்த வடிவத்துக்குப் போனான், அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் யார் போனில் எடுத்ததைக் கொடுத்தாலும் எனக்கு இந்த மாற்றுகிற வேலை வந்துவிடுகிறது. லேபில் இன்றைக்கும் ஜேபெக்காகக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள். கொத்தமங்கலத்துத் தம்பி இதற்காக ஏதோ ஒரு இணையதளத்தில் ஒவ்வொரு படமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கடைக்குப் போய்க் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, ஒரே வரி அடித்து, ஒரு கல்யாணத்துப் படம் மொத்தத்தையும் மாற்றிக் காட்டினேன். யார் சொல்லிக்கொடுத்தது அண்ணே என்று கேட்டான். என் மகன் என்றேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நீ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீல மையில் எழுதிக் கொடுத்த நோட்டு இன்னும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் செய்தேன். முதலில் மூலத்தை ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு போல்டருக்குக் காப்பி எடுத்தேன். சிபி என்று வெறுமனே அடித்தால் கோப்பின் தேதி காப்பி எடுத்த நேரத்துக்கு மாறிவிடும், ஹைபன் பி போட்டால் பழைய தேதி நிற்கும் என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். போட்டேன். பிறகு சிஎம்பி கொடுத்து மூலத்தையும் காப்பியையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது ஒரு வார்த்தையும் சொல்லாது, வித்தியாசம் இருந்தால்தான் வாய் திறக்கும். கம்ப்யூட்டர் பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். உன்னிடம் அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. பொங்கலன்று அம்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பானையை இறக்கினாள். சரி, அதை விடு.

காப்பி பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் படங்களை மாற்றுகிற மென்பொருளான இமேஜ்மேஜிக்கைத் தொட்டேன். அதன் மாக்ரிஃபை கட்டளையில் ஹைபன் பாத் கொடுத்து வேறு போல்டரைக் காட்டி, ஃபார்மட் ஜேபிஜி, குவாலிட்டி 95. நீயும் அங்கே இதைச் செய்வாய் என்றால் பாத் கொடுக்காமல் செய்யாதே. வடிவத்தை மாற்றும்போது புதுப் பெயரில் எழுதும், பரவாயில்லை. ஆனால் அளவைச் சுருக்கு என்று மட்டும் சொன்னால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும், கேட்கக்கூடக் கேட்காது. 4032க்கு 3024 புள்ளி இருந்த படம் 800க்கு 600 ஆகிவிட்டால் யாராலும் திருப்ப முடியாது. ஜேபெக்கையும் திறந்து திறந்து சேமிக்காதே, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். படத்தை 8க்கு 8 புள்ளியாகக் கட்டம் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பதை எடுத்துப் போட்டுத்தான் அது சுருக்குகிறது. மூலத்தைத் தனியாக வை. நெகடிவ்வை யாரும் கடையில் கழுவக் கொடுத்த கையோடு தூக்கிப் போட மாட்டார்கள் அல்லவா? மூலத்தைத் தனியாக வை.

இமேஜ்மேஜிக் பிறந்த கதையைப் போன வாரம் படித்தேன். 1987ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் ஜான் கிறிஸ்டி என்பவர் எழுதியது. அப்போதைய திரைகள் 256 நிறம்தான் காட்டும், அதில் 24 பிட் வண்ணப் படத்தைக் காட்ட வேண்டியிருந்தது, அதற்காக எழுதினார். 1990ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். டூபான்ட் என்ற பெயர் எனக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே தெரியும். அங்கேயிருந்து வந்த ஒன்றை வைத்து இன்று நான் உன் படத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்புறம், ஆல்பத்துக்கு வரிசை வேண்டும் இல்லையா? இறக்கிய கோப்புகளுக்கு வெளியே தெரிகிற தேதி நான் இறக்கிய தேதிதான், அதை வைத்து அடுக்க முடியாது. அதனால் ஐடென்டிஃபை கட்டளை போட்டு ஒவ்வொரு படத்தின் உள்ளே இருக்கும் எக்ஸிஃப் என்ற விவரக் குறிப்பிலிருந்து எடுத்த நேரத்தை மட்டும் வரிசையாக எழுத வைத்தேன். வாட்ஸ்ஆப் இந்த விவரத்தையெல்லாம் உருவிவிட்டுத்தான் அனுப்பும், அதனால் இதுவரை நான் உன் படங்களில் நேரத்தைப் பார்த்ததே இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் போன் கேமராவில் மணி சரியாக இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் உள்ள படங்களில் பாதிக்கு மேல் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் எடுத்ததாகக் காட்டுகிறது. பகல் 2 மணி இல்லை. எக்ஸிஃபில் 24 மணிக் கணக்குதான். 2025:11:19 03:12:40 என்று ஒரு படம். அதற்கு மறுநாள் இரண்டே முக்காலுக்கு ஒன்று. இந்த மாதிரியே போகிறது. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே டிராம் தண்டவாளம், மாடிப்படி விளக்கு, மறுபடி அதே ஜன்னல். முகம் ஒன்றுகூட இல்லை. அப்பத்தாவுக்கு ஆல்பம் என்று சொல்லித்தானே கேட்டேன், அவள் ஜன்னலைப் பார்த்து என்ன செய்வாள்?

போன் ஊர் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நீ ஆடிக்கு இங்கே வந்தபோது செட்டிங்கில் கையால் மாற்றி, அப்படியே விட்டிருப்பாயோ என்று நினைத்தேன். அது இந்திய நேரமாக இருந்தால் உங்கள் லைப்சிக்கில் முந்தின நாள் இரவு 10:42 ஆகிறது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஜன்னலோரம் நிற்கிற நேரம். அப்படி என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அந்தக் கணக்கிலேயே நிம்மதியாக இருந்தேன். பிறகு ஆஃப்செட் என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். 2016ல் அந்தத் தரத்தில் சேர்த்தார்களாம், படம் எடுத்த இடம் உலக நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும். நம் ஊர் என்றால் +05:30 இருக்க வேண்டும். +01:00 இருந்தது.

இன்னொரு படத்தில் உன் சமையலறை ஓரமாகத் தெரிகிறது. அதில் அடுப்புக்கு மேலே பச்சையாக ஏதோ ஒரு புள்ளி. கிராப் கொடுத்து, அகலம் 600, உயரம் 400, இடமிருந்து 1850, மேலிருந்து 920 என்று அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினேன். ஓவனில் ஓடுகிற கடிகாரம். 3:07. எக்ஸிஃபிலும் 3:07தான். ஓவன் மணியும் போன் மணியும் சேர்ந்து தப்பாக ஓடுமா? ஓடலாம். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆல்பத்துக்கு என்று தனியாக ஒரு செட் எடுத்தபோது ஹைபன் ஸ்ட்ரிப் போட்டு உள்ளே இருந்த நேரம், இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சின்ன மாமா பேரன் எல்லாவற்றையும் நோண்டிப் பார்க்கிறவன், அவன் கையில் பென் டிரைவ் போகும், அவன் ஏதாவது சொல்லி வைப்பான். ஆனால் ஸ்ட்ரிப் போடுவதற்கு முன்னால் வண்ண ப்ரொஃபைலை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொண்டேன். ஐபோன் எடுப்பது பி3 என்ற அகலமான வண்ண வரம்பில், நம் லேப் மெஷினுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற குறுகலான வரம்புதான் புரியும். மாற்றாமல் ப்ரொஃபைலைப் பிய்த்துவிட்டால் சிவப்பு வெளிறிப்போகும், போன தீபாவளிக்கு அம்மா கட்டியிருந்த அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் வரும். இந்த வரிசை உன் நோட்டில் இல்லை, நானே பார்த்துத் தெரிந்துகொண்டது. நேரத்தோடு இருக்கிற மூலம் என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

வேறு செய்தி என்றால், போர்வெல் மோட்டார் மாற்றியாகிவிட்டது. பெரியத்தான் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். போன வருஷம் இங்கே நடந்த பேச்சை நான் மறுபடி எடுக்க வரவில்லை, அதற்காக இந்தக் கடிதம் என்று நினைக்காதே. அந்த வேலையை விடு என்றோ, விடாதே என்றோ சொல்ல மாட்டேன். போனில் கேட்டால் நல்லா தூங்குறேன்பா என்கிறாய். அம்மாவும் சரி என்று வைத்துவிடுகிறாள். நான் படத்தில் இருக்கிற மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஃபிலிம் ரோல் கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோன சமயம். டிஜிட்டல் கேமராவுக்கு முதல் போடக் கையில் காசு இல்லை, டார்க் ரூமுக்கு வேலையும் இல்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பிரிண்ட் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவேன். பிரிண்ட் ஒன்றும் இருக்காது. டெவலப்பர் தட்டு, ஹைப்போ தட்டு எல்லாம் காய்ந்து கிடக்கும். சிவப்பு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், பால்காரர் சைக்கிள் மணி கேட்கும் வரைக்கும். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே வேலை நடக்கிறது என்றுதான் தெரியும். டார்க் ரூம் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், படம் கெட்டுவிடும் என்று பயம். அப்பத்தாதான் ஒரு நாள் தட்டாமலே திறந்தாள். தட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரி நான் கிளம்பினால் அவளும் கூட வந்து கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள், ஊர்க்கதை ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வருஷம் நான் தாண்டி வந்தது அப்படித்தான். அம்மாவுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. அதனால் ராத்திரி 3 மணிக்கு ஒருத்தன் விழித்திருந்தால் சோம்பல் என்றோ, கெட்ட பழக்கம் என்றோ நான் நினைக்க மாட்டேன். இதை உனக்குச் சொல்லத்தான் மூன்று பக்கம் எழுதினேன் போலிருக்கிறது.

அங்கே டாக்டரைப் பார்க்க முடியும் என்றால் பார். இன்சூரன்ஸ் கட்டுகிறாய், தூக்கத்துக்கென்றே அங்கே ஆள் இருப்பார்கள். இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்றால் வா, டிக்கெட்டுக்கு நான் போடுகிறேன். ஆல்பத்தை மார்ச் 10க்குள் லேபில் கொடுக்க வேண்டும். உன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், இப்போது எடுத்தது. முடி வெட்டாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றே ஒன்று போதும், வாட்ஸ்ஆப்பில் போட்டோவாகப் போடாதே, டாக்குமென்டாக அனுப்பு. 12க்கு 9 அங்குலத்தில் முழுப் பக்கம் வைக்கிறேன், 4032 புள்ளிக்கு அது நன்றாகத் தாங்கும். மூலத்தை உன்னிடமும் ஒரு காப்பி வைத்துக்கொள்.

கேமரா மணியைப் பார். தப்பாக ஓடுகிறது என்றால் ஒரு வரி எழுதிவிடு, நான் இதோடு விட்டுவிடுகிறேன். சரியாகத்தான் ஓடுகிறது என்றால், உனக்கு 3 மணி ஆகும்போது எனக்கு காலை 7:30. கடையைத் திறந்து கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன், 10 மணிக்கு முன்னால் யாரும் வர மாட்டார்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்க மாட்டாள். அந்த நேரம் போன் செய். பேச ஒன்றும் இல்லை என்றாலும் செய், நான் பேசுகிறேன், ஊர்க்கதை நிறைய இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு உன் 3 மணி எனக்கு 6:30. அப்போது வீட்டில்தான் இருப்பேன், ஆனால் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா